ஐப்பசி அடைமழைக்கு முன்னே... டிராக்டர், கார் பெயின்ட்டைக் காப்பாற்றும் வழிகள்!

புரட்டாசி பிறந்துவிட்டால் கிராமத்துப் பட்டறைகளில் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். கூண்டுச் சக்கரத்தைப் பற்றவைக்க ஒருவர், டிப்பர் கதவின் கொக்கியைச் சரிசெய்ய ஒருவர் எனக் காத்திருப்பார்கள். அந்த வரிசையில் ஆண்டுதோறும் தவறாமல் வந்து நிற்கிற இன்னொரு வேலை, துருப்பிடித்து ஓட்டையான தகட்டுக்கு ஒட்டுப்போடுவது. டிப்பரின் தரைத்தகடு, டிராக்டரின் மட்கார்டு, காரின் கதவுக்குக் கீழே இருக்கும் விளிம்பு என்று எதுவாக இருந்தாலும் கதை ஒன்றுதான். இரண்டு மூன்று வருடத்துக்கு முன்பு நகக்கண் அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்திருக்கும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டிருப்பார்கள்.

தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதியைக் கொண்டுவருவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் மூன்றாவது வாரவாக்கில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். சம்பாவுக்கான சேற்றுழவு, உரம் இடுதல், மருந்து தெளிப்பு எல்லாம் இந்தக் காலத்தை ஒட்டியே நடக்கின்றன. வண்டிக்கு ஓய்வு கிடையாது. அதன் இரும்பு முழுதாகக் காயவும் வழி கிடையாது. ஆகவே, பெயின்ட்டைக் கவனிக்க வேண்டிய நேரம் ஆவணிக் கடைசியும் புரட்டாசியும்தான்.

இது அழகுக்காகச் செய்யும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். சிறு விவசாயிக்கு, நிலத்துக்கு அடுத்தபடியாகப் பெரிய தொகை முடங்கிக் கிடப்பது டிராக்டரில்தான். வங்கித் தவணை முடிவதற்குள் மட்கார்டு இற்றுப்போனால், விற்கும் நாளில் விலை பேச வருபவர் முதலில் தொட்டுக்காட்டுவது அந்த இடத்தைத்தான். டிரெய்லரைக் கோக்கும் இடத்தில் துரு உள்ளே இறங்கினால், அது பணத்தோடு நிற்காது. நெல் மூட்டை ஏற்றிய வண்டி சாலையில் தனியே கழன்று ஓடும் அளவுக்கு ஆபத்து.

பெயின்ட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது?

தொழிற்சாலையில் தகட்டைச் சுத்தப்படுத்தி, பாஸ்பேட் உப்புக் கரைசலில் பதப்படுத்தி, அதன்மேல் பிரைமர், அதற்கும் மேல் நிறப் பெயின்ட் என்று அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கண்ணாடி போன்ற 'கிளியர் கோட்' என்ற ஓர் அடுக்கும் உண்டு. இத்தனை அடுக்குகளையும் சேர்த்தால்கூட மொத்தக் கனம் பொதுவாக 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர்தான். நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள், ஒன்றரைத் தாள் கனம். அதுதான் இரும்புக்கும் மழைக்கும் நடுவே நிற்கிறது.

ஒரு கல் தெறித்தாலோ, வரப்பு முள்வேலி உரசினாலோ அந்தத் தாள் கிழிகிறது. தண்ணீரும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் இரும்பைத் தொட்டால் துரு உண்டாகும். அந்தத் துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் அது பக்கத்தில் உள்ள நல்ல பெயின்ட்டையும் நெம்பித் தூக்கிவிடும். தூக்கிய இடத்துக்குள் மறுபடியும் தண்ணீர் புகும். பெயின்ட்டில் தெரியும் கொப்புளத்தின் அடியில் துரு எப்போதும் வெளியே தெரிவதைவிட அகலமாகப் பரவியிருப்பது இதனால்தான்.

தண்ணீரில் உப்பு கலந்திருந்தால் இந்த வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற கடலோர மாவட்டங்களில் வண்டிகள் சீக்கிரம் இற்றுப்போவதற்கு உப்புக்காற்றுதான் காரணம். ஆனால், கடலே பார்க்காத ஊரிலும் விவசாயியின் வண்டி உப்பில்தான் வேலை செய்கிறது. அந்த உப்பின் பெயர், உரம்.

வயல் வண்டிக்கு உள்ள எதிரிகள்

உரம்: பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது. டி.ஏ.பி., அம்மோனியம் சல்பேட் போன்றவற்றில் அம்மோனியம் உப்பு இருக்கிறது. இரண்டுமே இரும்பை அரிக்கும். யூரியா காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். 30 டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 73 சதவிகித அளவைத் தாண்டினாலே யூரியா கசிய ஆரம்பித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பல நாள்கள் அந்த ஈரப்பதம் இரவு முழுக்க இருக்கும். டிப்பரின் மூலையில் சிந்திக்கிடக்கும் ஒரு கைப்பிடி உரம், மழை பெய்யாத இரவிலும் அந்த இடத்தை ஈரமாகவே வைத்திருக்கிறது என்று பொருள்.

மயில்துத்தம்: போர்டோ கலவை தயாரிப்பவர்களுக்குக் கத்திச் சோதனை தெரிந்திருக்கும். கலவையில் இரும்புக் கத்தியை முக்கி எடுக்கும்போது செம்பு நிறம் படிந்தால், சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். கத்தியில் செம்பு படியும் அதே நேரத்தில் கத்தியின் இரும்பு கரைந்து போகிறது. மயில்துத்தக் கரைசல் வண்டியில் சிந்தினாலும், பெயின்ட் பெயர்ந்த இடத்தில் இதே வேலைதான் நடக்கும். சிந்திய உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

எருவும் மாட்டுக்கொட்டகையும்: தொழுவுரம் ஏற்றிய டிப்பரை, மறுநாள் இறக்கிக்கொள்ளலாம் என்று ராத்திரி முழுக்க நிறுத்திவைப்பது சகஜம். ஈரமும் உப்பும் சேர்ந்த எரு, தரைத்தகட்டை நேராக அரிக்கும். இடம் இல்லாமல் மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலையில் டிராக்டரை நிறுத்துபவர்களும் உண்டு. மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, செம்பையும் பித்தளையையும் பாதிக்கும். வயர் முனைகள் பச்சை பூத்துப்போக இதுவும் ஒரு காரணம்.

மரத்தடி: பறவை எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம், வெயிலில் சூடான பெயின்ட்டில் தழும்புபோல் பதிந்துவிடும். மா மரத்தில் பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி இருந்தால், அது வெளியேற்றும் இனிப்பான பிசுக்கு இலையில் படிவதைப் போலவே கீழே நிற்கும் காரிலும் படியும். அதில் தூசி ஒட்டி, கரும்பூசணமும் வரும்.

வெயில்: சித்திரை, வைகாசி வெயிலில் உள்ள புற ஊதாக்கதிர் பெயின்ட்டின் பசையைச் சிதைக்கிறது. பானட்டின்மேல் கையை வைத்துத் தேய்த்தால் மாவுபோல் நிறம் ஒட்டுகிறதா? மேல் அடுக்கு செத்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் மழைக்குப் போகிற பெயின்ட், தண்ணீரை விலக்கித்தள்ளாமல் உறிஞ்சிக்கொள்ளும்.

முதல் வேலை, முறையான குளியல்

எல்லாவற்றுக்கும் முன்பு வண்டியைக் கழுவ வேண்டும். சேறு மூடியிருக்கும்போது எங்கே துரு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது கழுவ வேண்டும். முதலில் வெறும் தண்ணீரை நிறைய விட்டுச் சேற்றை ஊறவைத்து இறக்க வேண்டும். சேறு இருக்கும்போதே துணியால் தேய்த்தால் மணல் துகள்கள் உப்புத்தாள் போலப் பெயின்ட்டை உரசிவிடும். மேலிருந்து கீழாக வர வேண்டும். இரண்டு வாளி வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றில் ஷாம்பு தண்ணீர். இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். துணி துவைக்கும் தூளும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வண்டியில் இருக்கும் மெழுகுப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். வாகனங்களுக்கான ஷாம்பு கொஞ்சம் போதும்.

வாட்டர் சர்வீஸ் செய்யும்போது, அழுத்தத் தண்ணீரை பேரிங், ஆயில் சீல், வயரிங், ரேடியேட்டர் தகடுகள், காற்று வடிகட்டியின் வாய் ஆகியவற்றில் நேராகப் பாய்ச்சக் கூடாது. ஏற்கெனவே பெயர்ந்த பெயின்ட்டின் விளிம்பில் அடித்தால், நல்ல பெயின்ட்டும் உரிந்துவரும்.

பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. அந்தத் தண்ணீரில் கழுவிவிட்டுக் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டு, காயும் முன்பே மென்மையான துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

எங்கெங்கே பார்க்க வேண்டும்?

கழுவிக் காய்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு சுற்றிவர வேண்டும். சந்தேகமான இடங்களில் வட்டம் போட்டுக்கொண்டால் பிறகு விட்டுப்போகாது.

டிராக்டரில் மட்கார்டின் உள்பக்கம், கால் வைக்கும் பலகையின் அடிப்பகுதி, பேட்டரி தட்டு, இருக்கைக்குக் கீழே உள்ள தகடு, சைலன்சரைச் சுற்றிய பானட் பகுதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டிப்பரில் தரையும் பக்கத்தகடும் சேரும் மூலை, கதவுக் கீல், வெல்டிங் தையல், டிராக்டரோடு கோக்கும் இடம் ஆகியவை முக்கியம். டிப்பரைத் தூக்கி நிறுத்தி அடியில் பார்ப்பவர்கள், உறுதியான முட்டுக் கொடுத்த பிறகே கீழே போக வேண்டும். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிக் கீழே போவது உயிருக்கு ஆபத்து.

காரிலும் லோடு வண்டியிலும் கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய சிறு துளைகள் இருக்கும். அவை மண் அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி, உள்ளேயிருந்து அரிக்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது காலம் கடந்திருக்கும். தென்னை ஈர்க்கு ஒன்றை விட்டு அந்தத் துளைகளைத் திறந்துவிட்டால் போதும். முன் கண்ணாடிக்குக் கீழே இலைதழை சேரும் பள்ளத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். கால் மிதியடியைத் தூக்கிப் பார்த்து, ஈரமாக இருந்தால் வெயிலில் காயவைக்க வேண்டும்.

வட்டம் போட்ட இடத்தை ஒரு ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார்க்கலாம். 'டங்' என்று ஒலித்தால் தகடு நன்றாக இருக்கிறது. 'பொத்' என்று கேட்டாலோ உதிர்ந்தாலோ, அது பெயின்ட் வேலை இல்லை. பட்டறைக்குத்தான் போக வேண்டும். வெல்டிங் வைக்கும் முன்பு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். டீசல் டேங்க்கில் வீட்டு வேலையாக வெல்டிங் வைக்கும் எண்ணமே கூடாது.

மேல் துருவுக்கு வீட்டிலேயே வைத்தியம்

தகடு உறுதியாக இருந்து, துரு மேலோட்டமாக மட்டும் இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

1. தளர்ந்த பெயின்ட்டையும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். பிறகு 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 220, 400 என மெல்லிய தாளுக்கு வர வேண்டும். பளபளவென இரும்பு தெரிய வேண்டும். சுற்றியுள்ள நல்ல பெயின்ட்டின் விளிம்பையும் சரிவாகத் தேய்த்துவிட்டால், புதுப் பெயின்ட் படிக்கட்டுபோல் தெரியாது. தேய்க்கும்போது மூக்குக்குத் துணியும் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம்.

2. சின்னச்சின்னக் குழிகளுக்குள் துரு போகாமல் நின்றால், கடையில் கிடைக்கும் 'ரஸ்ட் கன்வெர்ட்டர்' தடவலாம். இவற்றில் பலவற்றில் டானிக் அமிலம் இருக்கிறது. அது துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாக மாறும். கடுக்காய்ச் சாற்றையும் இரும்பையும் சேர்த்துக் கறுப்பு மை தயாரித்த பழைய வழக்கத்துக்குப் பின்னால் இருப்பதும் இதே வேதியியல்தான். இது மீந்துபோன துருவை அடக்கத்தான். கனத்த துருவின்மேல் தடவினால் பலன் இல்லை.

3. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் தின்னர் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு அந்த இடத்தில் கை படக் கூடாது.

4. அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். வெறும் இரும்பை ஈரக்காற்றில் ஓர் இரவு விட்டாலே மறுபடியும் செம்மை படரும். ரெட் ஆக்சைடு பிரைமர் பரவலாகக் கிடைக்கிறது. துருவைத் தடுக்கும் திறன் கூடுதலாக வேண்டுமென்றால் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் என்று கேட்டு வாங்கலாம். கனமாக ஒரே பூச்சாக அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு பூச்சு நல்லது.

5. டப்பாவில் குறிப்பிட்டிருக்கும் நேரம் காய்ந்த பிறகு, நிறப் பெயின்ட் இரண்டு பூச்சு. 'பிரைமர் அடித்தாச்சு, பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்கலாம்' என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். பிரைமரில் நுண்துளைகள் உண்டு. மேல்பூச்சு இல்லாமல் மழையில் நின்றால் அதன் வழியாகவே ஈரம் இறங்கிவிடும்.

புரட்டாசியில் சாயங்கால இடிமழை சகஜம். பனி உலர்ந்த பிறகு காலை 9 மணி, 10 மணி வாக்கில் தொடங்கி, பிற்பகல் 3 மணிக்குள் கடைசிப் பூச்சை முடித்துவிட வேண்டும். கூரைக்கு அடியில், காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். எனாமல் பெயின்ட் அடித்த இடத்தின்மேல் என்.சி. அல்லது பி.யு. பெயின்ட்டை அடித்தால், அதன் கடுமையான தின்னர் கீழ்ப்பூச்சைச் சுருக்கிவிடும். ஏற்கெனவே இருப்பது எது என்று பெயின்ட் கடையில் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. ஹார்டனர் கலக்கும் பி.யு. பெயின்ட்டின் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல். அதை உரிய முகக்கவசம் இருக்கும் பட்டறைக்காரரிடம் விட்டுவிடலாம்.

பெயின்ட் படக் கூடாத இடங்கள்

உற்சாகத்தில் எல்லா இடத்திலும் பிரஷ்ஷை ஓட்டிவிடக் கூடாது. கிரீஸ் நிப்பிள், டிப்பரைத் தூக்கும் ஜாக்கியின் பளபளப்பான தண்டு, பி.டி.ஓ. தண்டின் பற்கள், ரப்பர் ஹோஸ், ரேடியேட்டர் தகடு, பிரேக் பகுதி, சேசிஸ் எண் பொறித்த இடம் ஆகியவற்றில் பெயின்ட் படக் கூடாது.

கலப்பைக் கொழு, சட்டிக் கலப்பையின் சட்டி, ரொட்டவேட்டர் கத்தி போன்ற மண்ணில் உரசும் பாகங்களுக்குப் பெயின்ட் நிற்காது. அவற்றுக்குப் பாதுகாப்பு எண்ணெயும் கிரீஸும்தான். உழவு முடிந்ததும் மண்ணைக் கழுவி, துடைத்து, பளபளப்பாக இருக்கும் பகுதியில் கிரீஸ் தடவிவைத்தால் அடுத்த பட்டத்தில் மண் ஒட்டாமல் உழும். துரு ஏறிய கொழுவில் மண் அப்பிக்கொள்ளும். இழுக்க டீசலும் கூடுதலாகச் செலவாகும்.

பழைய இன்ஜின் ஆயிலைக் கருவிகளில் தடவுவது நீண்டநாள் வழக்கம். அந்த ஆயிலில் எரிபொருள் எரிந்த அமிலக் கழிவும் உலோகத் துகளும் சேர்ந்திருக்கின்றன. மழையில் கழுவிக்கொண்டு அது நேராக வயலுக்கும் கிணற்றுக்கும் போகும். கையில் படுவதும் நல்லதல்ல. கொஞ்சம் புது கிரீஸ், அதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். உரப்பெட்டி உள்ள விதைப்புக் கருவியை எண்ணெய் போடும் முன்பு தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும். உரத்தூளின்மேல் எண்ணெய் போட்டால், அடியில் அரிப்பு தொடர்ந்து நடக்கும்.

பேட்டரி தட்டு தனிக் கவனம் கேட்கும் இடம். அமிலம் கசிந்து பூத்த வெள்ளை, பச்சைப் படிவை சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு, காய்ந்ததும் தட்டுக்குப் பெயின்ட்டும், முனைகளுக்கு வாசலினும் போட வேண்டும். சோடா தண்ணீர் பேட்டரியின் மூடித் துளைக்குள் போய்விடக் கூடாது.

மெழுகுப் பூச்சு... பாலிஷ் வேறு, வாக்ஸ் வேறு

கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். பாலிஷ் என்பது மிக நுண்ணிய தேய்ப்பான். மங்கிய மேல் அடுக்கைக் கொஞ்சம் சீவி எடுத்துப் பளபளப்பாக்கும். ஒவ்வொரு முறையும் பெயின்ட் கொஞ்சம் குறையும். அடிக்கடி போடக் கூடாது. வாக்ஸ் மேலே படியும் பாதுகாப்பு. கார்னோபா மெழுகு என்பது பிரேசில் நாட்டில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. கடும் வெயிலில் வறண்டுபோகாமல் தன் ஓலையைக் காத்துக்கொள்ள அந்த மரம் சுரக்கும் பூச்சு அது.

கழுவிக் காய்ந்த தகட்டில், நிழலில், மென்மையான துணியால் மிக மெல்லியதாக வாக்ஸைத் தடவ வேண்டும். லேசாக வெளிறிக் காய்ந்ததும் வேறு துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நிறையத் தடவினால் நிறையப் பலன் என்று நினைப்பது தவறு. வீணாகத் துடைத்து எறியத்தான் ஆகும். கார்னோபா வாக்ஸ் பொதுவாக ஒன்றிரண்டு மாதம் தாங்கும். 'சீலன்ட்' எனப்படும் செயற்கைப் பூச்சு அதைவிடக் கூடுதல் காலம் நிற்கும். பருவமழைக்கு முன்பு ஒருமுறை, கார்த்திகையில் வெயில் காட்டும் ஒரு நாளில் ஒருமுறை என இரண்டு தடவை போட்டால் மழைக்காலத்தை ஓட்டிவிடலாம். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடினால் பூச்சு உயிரோடு இருக்கிறது. பரந்து படிந்தால் மறுபடியும் போடும் நேரம் வந்துவிட்டது. புதிதாகப் பெயின்ட் அடித்த இடத்துக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வாக்ஸ்.

நிறுத்தும் இடம்

மழைக்குப் பயந்து வண்டியைப் பிளாஸ்டிக் படுதாவால் இறுக்கிக் கட்டுவது, பல சமயம் கெடுதலாகவே முடிகிறது. தரையிலிருந்து கிளம்பும் ஈரம் உள்ளேயே வியர்த்து நிற்கும். காற்றில் படுதா படபடத்துப் பெயின்ட்டை உரசும். நான்கு கம்பம் நட்டு, மேலே தகரமோ கீற்றோ போட்டு, பக்கங்களைத் திறந்துவிட்ட கொட்டகை அதைவிட நல்லது. படுதாதான் உண்டு என்றால் மூங்கில் கட்டி, வண்டியில் ஒட்டாமல் காற்றுப் போக வழிவிட்டுப் போட வேண்டும். கருவிகளை மண் தரையில் போடாமல் செங்கல் அல்லது கட்டையின்மேல் வைக்க வேண்டும். உர மூட்டைகளை அதே கொட்டகையில் அடுக்கக் கூடாது. டிப்பரின் பின்கதவைத் திறந்து, தண்ணீர் வடியும் வகையில் லேசான சரிவில் நிறுத்தினாலே தரைத்தகட்டின் ஆயுள் கூடும்.

ஆயுத பூஜையும் ஒரு நினைவூட்டல்தான்

கொழு, அரிவாள், மண்வெட்டி முதல் டிராக்டர் வரை எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, பொட்டு வைத்துக் கும்பிடும் ஆயுத பூஜை, அடைமழை தொடங்கும் முன்பாகவே வருகிறது. வருடத்தில் ஒருநாளாவது எல்லாக் கருவிகளையும் கையில் எடுத்துப் பார்க்கும் நாள் அது. பூஜைக்கு இரண்டு வாரம் முன்பே துரு வேலையை முடித்துவிட்டால், பூஜையன்று வெறும் கழுவுதலோடு முடிந்துவிடும். விபூதி, சந்தனம், குங்குமத்தை மறுநாள் உலர்ந்த துணியால் தேய்த்து எடுக்காமல் தண்ணீர் விட்டு ஊறவைத்துத் துடைக்க வேண்டும். காய்ந்த விபூதி பாத்திரத்தைத் துலக்குவதுபோல் பெயின்ட்டையும் துலக்கிவிடும். நாள் கணக்கில் விட்டால் குங்குமச் சாயம் வெளிர்நிற வண்டியில் கறையாக நின்றுவிடும்.

நாள் கணக்கு

முதல் நாள்: கழுவுதல், காயவிடுதல், சாக்பீஸ் வட்டம்.
இரண்டாம் நாள்: துரு எடுத்தல், அன்றே பிரைமர்.
மூன்றாம் நாள்: நிறப் பெயின்ட் இரண்டு பூச்சு.
நான்காம், ஐந்தாம் நாள்: காய்தல். இடையில் கிரீஸ், பேட்டரி தட்டு, வடிகால் துளை வேலைகள்.
ஆறாம் நாள்: பழைய பெயின்ட் உள்ள இடங்களுக்கு வாக்ஸ்.
மழைக்காலத்தில்: உரமோ எருவோ ஏற்றிய அன்றே டிப்பரைக் கழுவுதல், சேற்றுழவு முடிந்த அன்றே மட்கார்டின் உள்பக்கச் சேற்றை இறக்குதல்.

வாசகர் கேள்விகள்

டீசல் தொட்டுத் துடைத்தால் டிராக்டர் புதுசுபோல் மின்னுகிறது. தொடர்ந்து செய்யலாமா?

அந்த மினுமினுப்பு ஓரிரு நாள்தான். டீசல் இருக்கும் வாக்ஸைக் கரைத்துவிடும். எண்ணெய்ப்பசையில் தூசி வந்து ஒட்டும். டயர், ஹோஸ் போன்ற ரப்பர் பாகங்களையும் ஸ்டிக்கரையும் கெடுக்கும். இன்ஜின் அடியில் உள்ள கெட்டியான கிரீஸ் அழுக்கை இளக்க மட்டும் கொஞ்சம் பயன்படுத்தி, பிறகு ஷாம்பு போட்டுக் கழுவிவிடலாம்.

பழைய டிராக்டர் ஒன்றை வாங்கப் போகிறேன். முழுக்கப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நம்பலாமா?

புதுப் பெயின்ட் நல்லதாகவும் இருக்கலாம், மறைப்பதாகவும் இருக்கலாம். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டு, பானட் முழுக்க ஓட்டிப் பாருங்கள். உலோகத் தகட்டில் ஒட்டும். பட்டி பார்த்து நிரப்பிய இடத்தில் நழுவிவிடும். கையை உள்பக்கம் விட்டுத் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் பளபளப்பாகவும் உள்பக்கம் உதிர்வதாகவும் இருந்தால் துருவை எடுக்காமல் மூடியிருக்கிறார்கள். டிரெய்லரைக் கோக்கும் இடத்திலும் அச்சுக் கூட்டிலும் புது வெல்டிங் தெரிந்தால், ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

வேறு நிறம் அடிக்க ஆசை. தடை ஏதும் உண்டா?

பதிவுச் சான்றிதழில் வண்டியின் நிறமும் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, முழு நிறத்தையும் மாற்றும் முன்பு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, உரிய பதிவைச் செய்துகொள்ள வேண்டும். அதே நிறத்தில் ஒட்டுப் பெயின்ட் அடிப்பதற்கு அந்தக் கவலை இல்லை.

காருக்கு செராமிக் கோட்டிங் போடச் சொல்கிறார்கள். தேவையா?

அது வாக்ஸைவிட நீண்ட காலம் நிற்கும். செலவும் அதற்கேற்ப அதிகம். கல் தெறித்துப் பெயர்வதையோ, கதவின் உள்ளிருந்து வரும் துருவையோ அது தடுக்காது. பெயின்ட்டில் ஏற்கெனவே கொப்புளம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மண் சாலையில் தினமும் ஓடும் காருக்கு, வாரம் ஒரு கழுவலும் மழைக்கு முன்பு ஒரு வாக்ஸும் கொடுக்கும் பலன் பெரும்பாலும் போதுமானது.

எங்கள் ஊர் கடற்கரை ஓரம். மழையில் வயலில் தேங்கும் தண்ணீரும் உப்பாக இருக்கிறது. வண்டி அதில் மூழ்கினால் என்ன செய்வது?

முதலில், ஸ்டார்ட் செய்யக் கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். தண்ணீர் வடிந்ததும், காயவிடாமல், நல்ல தண்ணீரால் மூலைமுடுக்கெல்லாம் கழுவ வேண்டும். உப்பு காய்ந்து படிந்துவிட்டால் எடுப்பது சிரமம். இன்ஜின், கியர் பாக்ஸ் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. மெக்கானிக் பார்த்து ஆயிலை மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். கழுவிய பிறகு எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே தள்ளும் வரை புது கிரீஸ் அடிக்க வேண்டும். பெயின்ட் பெயர்ந்த இடங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், அந்த வாரத்திலேயே பிரைமர் அடித்து மூடிவிட வேண்டும்.